ஓர் அங்குலக் குறைவு: நெடுவில்லில் நான் திருத்திக்கொண்ட பிழைகள்

என் பயிற்சிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், 2018 ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு நேராக, "72 அம்பு, 34 பட்டன, மதிப்பெண் 118" என்று எழுதியிருக்கிறது. இங்கிலாந்தில் 'நேஷனல் ரவுண்ட்' என்று அழைக்கப்படும் அந்த ஆட்டத்தில் 60 கெஜத்திலிருந்து 48 அம்புகளையும் 50 கெஜத்திலிருந்து 24 அம்புகளையும் எய்ய வேண்டும். இலக்குத் தாளின் குறுக்களவு 122 சென்டிமீட்டர். நடுவிலிருந்து மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்று ஐந்து நிறங்கள்; அவற்றுக்கு முறையே 9, 7, 5, 3, 1 என்று மதிப்பெண்கள். எல்லாமே ஒற்றைப்படை எண்கள் என்பதால், பட்ட அம்புகளின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் மொத்த மதிப்பெண்ணும் இரட்டைப்படையாகவே வரும்; கணக்கெழுதுபவரின் தவறைப் பிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. அன்று என் கணக்கில் தவறில்லை. தவறெல்லாம் இலக்குக்குப் பின்னால் புல்வெளியில் கிடந்தது. மரத்தண்டு அம்பு ஈரப்புல்லுக்குள் படுத்தவாக்கில் நுழைந்துவிட்டால் மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எய்வதற்கு எடுத்துக்கொண்ட நேரத்துக்குக் குறையாத நேரத்தை, உலோகம் கண்டறியும் கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு, 38 அம்புகளைத் தேடுவதில் கழித்தேன்.

அந்த 118 நான்கு ஆண்டுகள் கழித்து 246 ஆனது. பெரிய வில்லாளிகளுக்கு இது ஒரு கணக்கே அல்ல என்பதை அறிவேன். ஆனாலும் இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியைப் பிழை இல்லாத இடத்தில் பிழை தேடிச் செலவழித்தேன் என்பதால், அதை எழுதிவைத்தால் மரவில்லைக் கையில் எடுக்கும் வேறு சிலருக்கு ஓரிரு பருவங்களாவது மிச்சமாகும் என்று நினைக்கிறேன்.

நான் திருநெல்வேலிக்காரன். சிறுவயதில் தென்னை ஈர்க்கை வளைத்து வில் செய்து, விளக்குமாற்றுக் குச்சியை அம்பாக்கி, பாட்டியிடம் திட்டு வாங்கியதைத் தவிர வில்லோடு எனக்கு வேறு தொடர்பில்லை. 2016இல் வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள லீட்ஸ் நகருக்கு வந்தபின், வீட்டுக்கு அருகே இருந்த வில்வித்தைச் சங்கம் ஒன்றில் ஆறு வார அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு வேடிக்கை நடந்தது. எய்யும் கோட்டில் ஆபத்து ஏதேனும் தெரிந்தால் இங்கு "ஃபாஸ்ட்!" என்று கத்துவார்கள், அது 'அப்படியே நிறுத்து' என்னும் பொருளில் வழங்கும் பழைய சொல். அந்தக் கூச்சலைக் கேட்டவுடன் விரைவாக எய்யச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பதறி நாணை இழுத்தவன் நான். அதன்பின் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு மறக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் செய்கிற தவற்றை நானும் செய்தேன். என் உடம்புக்கு மிஞ்சிய வில்லை வாங்கினேன். 28 அங்குல இழுப்பில் 50 பவுண்டு இழுவிசை கொண்ட, ஒருவர் பயன்படுத்திய நெடுவில் அது; ஆங்கிலத்தில் 'லாங்போ' எனப்படும் மரவில். ஒரே கணையால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புலவர் பாடிய வல்வில் ஓரியின் கதையைப் பள்ளியில் படித்த எவனுக்கும் கனமான வில்லின்மேல் ஓர் ஆசை இருக்கத்தான் செய்யும். எட்டு மாதம் அந்த வில்லோடு மல்லுக்கட்டினேன். கிடைத்த பலன் வலது தோளில் ஒரு வலியும், இழுத்து முடிப்பதற்குள் விட்டுவிடும் பழக்கமும்தான். தோள் வலி ஆறு வார ஓய்வில் போய்விட்டது. பழக்கம் போக மூன்று ஆண்டுகள் ஆயின.

வில் தனக்குக் கனமா என்று அறிவதற்கு இப்போது நான் புதியவர்களுக்குச் சொல்லும் சோதனை இதுதான். நாணில் அம்பைத் தொடுத்து, இலக்கை நோக்கியே முழுமையாக இழுத்து, இரண்டு மூன்று நொடி நடுங்காமல் நின்று, பிறகு எய்யாமல் அதே மெதுவோடு திரும்ப இறக்கிப் பாருங்கள். இறக்கும்போது கை தடதடவென்று நாணின் போக்கில் போய்விடுகிறதென்றால் அந்த வில் உங்களுக்கு இன்னும் ஆகவில்லை. நான் 28 அங்குலத்தில் 38 பவுண்டு வில்லுக்கு இறங்கினேன். என் இழுப்பு 27 அங்குலமே என்பதால் விரலுக்கு வருவது ஏறக்குறைய 36 பவுண்டு. இறங்கியபோது வெட்கமாக இருந்தது. அடுத்த மாதமே அதிக அம்புகள் பட்டபோது வெட்கம் போய்விட்டது.

இந்த யார்க்‌ஷயர் மண்ணில் பிறந்த ராஜர் ஆஸ்கம் 1545இல் வில்வித்தை பற்றி எழுதிய ஆங்கில நூலில், எய்தலை நிற்றல், தொடுத்தல், இழுத்தல், நிறுத்துதல், விடுதல் என ஐந்தாகப் பிரித்தார். 500 ஆண்டுகள் நெருங்கியும் அந்தப் பிரிவு மாறவில்லை. எங்கள் பயிற்சியாளரும் அதே வரிசையில்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஐந்தும் ஒரே அளவு தொல்லை தருபவை அல்ல. நிற்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு அது பெரிய சிக்கலாக இருந்ததில்லை. இரண்டு பாதங்களும் எய்யும் கோட்டுக்கு இணையாக, தோளகல இடைவெளியில் இருந்தால் போதும். சரிவான மைதானத்தில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்பதற்காகக் குதிகாலுக்கு அருகே புல்லில் ஒரு சிறு குச்சியைக் குத்திவைப்பேன். தொடுத்தலுக்கும் நாணில் ஒரு குறி கட்டிவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. என்னை அலைக்கழித்தவை கடைசி மூன்றும்தான்.

இழுத்து வரும் கை முகத்தில் எங்கே வந்து பதிய வேண்டும் என்பதில் முதல் குழப்பம். அந்த இடத்தை இங்கே 'ஆங்கர்' என்கிறார்கள். பழைய போர் ஓவியங்களில் நாணைக் காதுவரை இழுத்திருப்பதைப் பார்த்து நானும் அப்படியே இழுத்துவந்தேன். போர்க்களத்தில் கூட்டமாக நின்று கூட்டத்தின்மேல் எய்பவருக்கு அது பொருந்தலாம். வலது கையால் இழுப்பவர் காதுக்கு இழுத்தால், அம்பின் பின்முனை வலது கண்ணுக்கு வலப்புறமாகப் போய்விடுகிறது. அம்பின் முனையைக் கண் இலக்கில் வைத்தாலும், அம்பின் உடல் வலப்புறத்திலிருந்து சாய்வாக வருவதால் அது இலக்குக்கு இடப்புறத்தை நோக்கியே நிற்கும். 1849 முதல் 1859 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த ஹோரஸ் ஃபோர்டு வற்புறுத்தியது இதைத்தான்: அம்பு முழுவதும் குறிபார்க்கும் கண்ணுக்கு நேர்கீழே இருக்க வேண்டும், காதைக் கைவிட்டு, முகத்தில் அதற்குத் தோதான இடத்துக்கு இழுக்க வேண்டும். நான் ஆள்காட்டி விரலை வாயின் வலது ஓரத்தில் பதித்தேன். கடைவாய்ப் பல் ஒன்றை விரலால் உணரும் இடம் என்று நினைவு வைத்துக்கொண்டதால் இடம் மாறுவது குறைந்தது. சதை நகரும்; பல் நகராது. இடப்புறம் போன அம்புகளில் பாதி இதனால் உள்ளே வந்தன. மீதிப் பாதியின் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

இடவலம் ஓரளவு அடங்கிய பின்னும் மேல்கீழ் அடங்கவில்லை. ஓர் அம்பு மஞ்சளில் படும். அடுத்தது, அதே போலத்தான் எய்தேன் என்று நான் சத்தியம் செய்யக்கூடிய அம்பு, இலக்கின் காலடியில் குத்தி நிற்கும். குறிபார்ப்பதில்தான் கோளாறு என்று நம்பினேன். கண் பரிசோதனைக்குப் போனேன். நாணை மாற்றினேன். அம்புகளை நகை எடைபோடுவது போல எடைபோட்டுத் தரம் பிரித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

கோளாறைக் கண்டுபிடித்தவள் என் மகள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. 2019 கோடையில் ஒரு மாலை, சலிப்புத் தாங்காமல், கோட்டுக்குப் பின்னால் பாதுகாப்பான தொலைவில் உட்கார்ந்து, கைப்பேசியில் வேகம் குறைத்துக் காட்டும் படமாக என்னைப் பக்கவாட்டில் எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தவள், "அப்பா, விடுறதுக்கு முன்னாடி நீங்க எப்பவும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துடுறீங்க. பாருங்க, முனை முதல்ல கைக்கிட்ட இருக்கு. அப்புறம் வெளிய வருது. அப்புறம்தான் அம்பு போகுது" என்றாள். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இழுத்து நிறுத்துகிறேன், குறி பார்க்கத் தொடங்குகிறேன், அந்த ஒரு நொடியில் வலது முழங்கை மெல்ல முன்னே சரிகிறது, அம்பின் முனை கைமுட்டியைத் தாண்டி வெளியே நகர்கிறது, பிறகு விரல்கள் திறக்கின்றன. சில அம்புகளில் கால் அங்குலம். சிலவற்றில் ஓர் அங்குலத்துக்கும் மேல். என் உடம்பு செய்ததை நான் கொஞ்சமும் உணர்ந்திருக்கவில்லை.

ஓர் அங்குலம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். என்னுடையதைப் போன்ற வில்லில் இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் விரலில் உள்ள விசை 2 பவுண்டு அளவுக்குக் குறைகிறது. நாண் அம்பைத் தள்ளிச் செல்லும் தூரமும் ஓர் அங்குலம் குறைகிறது. இரண்டும் சேர்ந்து அம்பின் வேகத்தில் நூற்றுக்கு நான்கைந்து பங்கைத் தின்றுவிடுகின்றன. 50 கெஜத்தை ஒரு நொடிக்குச் சற்று மேலான நேரத்தில் கடக்கும் அம்பு அதற்குள், புறப்பட்ட நேர்கோட்டிலிருந்து, 18 அடிக்கு மேல் விழுகிறது. வேகம் அந்த அளவு குறைந்தால் விழும் உயரம் பத்தில் ஒரு பங்கு கூடும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அதாவது மஞ்சளின் நடுவில் பட வேண்டிய அம்பு, சிவப்பு, நீலம், கறுப்பு மூன்றையும் கடந்து கீழே வெள்ளையில் படும். 60 கெஜத்தில் என்றால் தாளையே விட்டுவிடும். கண்ணையும் நாணையும் அம்பையும் சந்தேகித்த அத்தனை மாதங்களும் குற்றவாளி என் முழங்கையாக இருந்திருக்கிறது.

தெரிந்துகொண்டதும் திருந்திவிடவில்லை. கையால் இழுத்துக் கையாலேயே பிடித்து நிற்பதுதான் இதற்குக் காரணம் என்று பயிற்சியாளர் விளக்கினார். மேற்கைத் தசை சீக்கிரம் களைக்கும். அதைவிட முக்கியமாக, மனம் குறிபார்க்கப் போன மறுகணமே கை தன் வேலை முடிந்தது என்று எண்ணித் தளர்ந்துவிடும். பிடித்து நிற்க வேண்டியது முதுகு. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகுத்தண்டை நோக்கி நெருங்கிக்கொண்டே இருக்க வேண்டும்; வெளியே பார்ப்பவருக்கு நிற்பதுபோலத் தெரிந்தாலும் உள்ளே இழுப்பு நிற்கக் கூடாது. அவர் சொன்ன உவமைகள் எனக்கு ஒட்டவில்லை. நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்தவன் நான். தேர் அசையாமல் நிற்கும் நேரத்திலும் வடத்தைத் தொய்யவிடாமல், பின்னுக்குச் சாய்ந்து, முதுகில் அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டு நிற்போமே, அந்த நிலையை நினைத்துக்கொண்டு இழுத்தபோதுதான் அவர் சொன்னது முதல் முறையாக உடம்புக்குப் புரிந்தது.

அந்த ஆண்டுக் குளிர்காலம் முழுவதும் இலக்குத் தாளைக் கண்ணால் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். இங்கே நவம்பர் முதல் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். சங்கம் ஒரு கூடத்துக்குள் போய்விடும். மற்றவர்கள் 20 கெஜத்தில் எய்துகொண்டிருக்க, அவர்கள் முடித்தபின் கிடைக்கும் அரைமணி நேரத்தில், தாள் ஒட்டாத வைக்கோல் மெத்தைக்கு முன்னால் ஐந்து கெஜத்தில் நின்று, வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 40 அம்புகள் எய்தேன். குறிபார்க்க எதுவும் இல்லாதபோது மனம் முதுகிலேயே தங்குகிறது. பயிற்சியாளர் அருகில் நின்ற நாட்களில் இழுத்து முடித்தபின் கண்ணை மூடிக்கொண்டும் எய்தேன். தனியாக இருக்கும்போது அப்படிச் செய்வது தகாது.

இதனுடன் இன்னொன்றும் செய்தேன். யாராவது என்னிடம் ஒரே ஓர் அறிவுரை கேட்டால் அதைத்தான் சொல்வேன். அம்பின் தண்டில், பின்முனையில் நாண் பொருந்தும் பிளவான குதையின் அடியிலிருந்து 27 அங்குலத்தில் மெல்லிய கறுப்பு வளையம் ஒன்றும், அதற்கு முன்னும் பின்னும் அரை அங்குல இடைவெளியில் வேறு நிற வளையங்களும் வரைந்தேன். சங்கத்து நண்பர் ஒருவர் கோட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்று, நாண் விடுபடும் கணத்தில் வில்லின் முதுகுக்கு, அதாவது இலக்கை நோக்கிய பக்கத்துக்கு, நேராக எந்த வளையம் இருந்தது என்று சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். முதல் நாள் எய்த 24 அம்புகளில் மிகக் குறைந்தது 25¾, மிக அதிகம் 27. எய்து முடித்த ஒவ்வொரு முறையும் அவர் எண்ணைச் சொல்வதற்கு முன் நானே என் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று பிறகு விதி வைத்துக்கொண்டோம். தொடக்கத்தில் என் ஊகம் எதுவும் பொருந்தவில்லை. இரண்டு மாதம் கழித்து, பத்தில் ஏழு முறை சரியாகச் சொன்னேன். அந்த நாளை என் முன்னேற்றத்தின் தொடக்கமாகக் கருதுகிறேன். மார்ச் மாதம் முடிவதற்குள் வேறுபாடு கால் அங்குலத்துக்குள் வந்துவிட்டது. வில் பிடித்த தோள் மேலே தூக்கிக்கொண்டால் முதுகு சரியாக இருந்தாலும் அரை அங்குலம் போய்விடுகிறது என்பதையும் அந்த எண்கள்தான் காட்டிக்கொடுத்தன. இழுக்கத் தொடங்கும் முன் இடது தோளை ஒருமுறை கீழே அழுத்திவிட்டு இழுப்பது அன்றிலிருந்து வழக்கமாயிற்று.

பிறகு சில மாதங்கள் மைதானங்கள் மூடப்பட்டிருந்தன. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. திரும்பி வந்து மீண்டும் தாளின்முன் நின்றபோது புதிய தொல்லை ஒன்று காத்திருந்தது. இழுப்பு முழுமையாக இருந்தது. ஆனால் அம்பின் முனை மஞ்சளை நெருங்கிய கணத்திலேயே, நான் கட்டளையிடாமலே, விரல்கள் திறந்துகொண்டன. சில நாட்களில் இதற்கு நேரெதிராக, முனை மஞ்சளுக்குக் கீழே ஆணியடித்தது போல நின்றுவிடும். ஓர் அங்குலம் மேலே கொண்டுபோக முடியாது. இலக்கு நடுக்கம் என்று சொல்லத்தக்க இந்த நோய் நல்ல வில்லாளிகளையே விளையாட்டை விட்டு ஓடவைத்திருக்கிறது. என் அனுபவத்தில் இதற்கு மருந்து, இலக்கைப் பார்ப்பதற்கும் நாணை விடுவதற்கும் இடையே உடம்பு போட்டுவைத்திருக்கும் முடிச்சை அவிழ்ப்பதுதான். பத்துக் கெஜத்தில் பெரிய தாளை ஒட்டி, முழுமையாக இழுத்து, முனையை மஞ்சளில் வைத்து, மனத்துக்குள் இரண்டு எண்ணி, எய்யாமல் இறக்கிவிடுவேன். இப்படி மூன்று முறை இறக்கினால் ஒரு முறை எய்யலாம். எய்யும் முறை எது என்பதை இழுக்கும் முன்னரே தீர்மானித்துவிட வேண்டும். இழுத்தபின் மாற்றக் கூடாது. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இதில் முதல் வாரத்தில் பாதி முறை தோற்றேன். ஏழெட்டு வாரத்தில் நடுக்கம் அடங்கியது. அது அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். போட்டி நாட்களில் வாசலில் வந்து நின்று எட்டிப்பார்க்கும்.

விட்டபின் வில் பிடித்த கை கீழே விழுவது எல்லோரிடமும் உள்ள பழக்கம். அம்பு எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில் வருவது. 60 கெஜத்துக்கு என் அம்பு ஒன்றேகால் நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அது பட்ட ஓசை காதில் விழும்வரை கையை இறக்குவதில்லை என்று வைத்துக்கொண்டதோடு இது தீர்ந்தது.

நெடுவில்லில் அம்பு உட்கார மேடை கிடையாது. வில்லைப் பிடித்த கையின் முட்டியே மேடை. இதனால் கைப்பிடியில் கை கால் அங்குலம் இறங்கிப் பிடித்தாலும், நாணில் குதை இருக்கும் உயரத்துக்கும் முட்டிக்கும் உள்ள உறவு மாறி, அம்பு மீன்போல மேலும் கீழும் துள்ளிக்கொண்டு போகும். ஆள்காட்டி விரலின் மேல்விளிம்பு கைப்பிடித் தோலின் மேல்விளிம்போடு ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வேன். நாணில் குதை நிற்கும் இடத்தை முட்டிக்கு நேரான மட்டத்திலிருந்து அரை அங்குலம் உயர்த்திக் கட்டியிருக்கிறேன். இறகின் முன்தண்டு முட்டியைக் கிழிக்காமல் இருக்க அதை நூலால் சுற்றிப் பசையால் மழுக்கிவிட வேண்டும். என் இடது கையில் இன்னமும் ஒரு தழும்பு இருக்கிறது.

இனி, இடப்புறம் போன மீதிப் பாதி அம்புகள். இழுப்பு சீரானபின் அம்புகள் அழகாகக் கூட்டமாக விழத் தொடங்கின. ஆனால் கூட்டம் முழுவதும் மஞ்சளுக்கு ஒரு முழம் இடப்புறத்தில். சிதறிய அம்புகள் ஆளின் பிழை. சேர்ந்து விலகிய அம்புகள் பொருளின் பிழை என்பது அப்போதுதான் உறைத்தது. நெடுவில்லின் கைப்பிடி அம்புக்கு வழிவிட்டுச் செதுக்கப்பட்டிருப்பதில்லை. நாணில் நிற்கும் அம்பு சற்றே இடப்புறம் நோக்கித்தான் நிற்கிறது. நாண் தள்ளும்போது அது பாம்பைப் போல வளைந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வளைந்து, பிறகு நேராகிப் பறக்கிறது. அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களில் எடுத்த அதிவேகப் படங்கள் இதைக் கண்ணுக்குக் காட்டின. அம்பின் தண்டு எவ்வளவு வளைய வேண்டும் என்பது வில்லின் விசையைப் பொறுத்தது. அந்த வளைமையை 'ஸ்பைன்' என்று பவுண்டுக் கணக்கில் எண்ணிட்டு விற்கிறார்கள். நான் 50 பவுண்டு வில்லுக்கு வாங்கிய விறைப்பான அம்புகளையே சிக்கனம் கருதி 38 பவுண்டு வில்லிலும் எய்துகொண்டிருந்தேன். விறைத்த தண்டு வளைய மறுத்து, கைப்பிடியில் இடித்து, வலக்கை வில்லாளிக்கு இடப்புறமாகவே விலகும். மிக நொய்ந்த தண்டு வலப்புறம் போகும். 35 முதல் 40 வரை எண்ணிட்ட தேவதாரு வகைத் தண்டுகளில் புதிய பன்னிரண்டு அம்புகள் செய்துகொண்டேன். கூட்டம் ஒரே மாலையில் நடுவுக்கு வந்தது. பணத்தால் தீர்ந்த ஒரே பிழை இதுதான். ஆனால் இழுப்பு சீராவதற்கு முன் இதே அம்புகளை வாங்கியிருந்தால், சிதறலுக்குள் எந்த வேறுபாடும் தெரிந்திருக்காது.

குறிபார்த்தலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், நான் கற்றுக்கொண்டதும் கடைசியில்தான். பார்வையை இலக்கிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது ஆஸ்கம் காலத்து அறிவுரை. அம்பின் முனையும் பார்வையில் படட்டும் என்பது ஃபோர்டின் வழி. நான் இரண்டையும் கலந்துகொண்டேன்: கண்ணின் கூர்மை மஞ்சளில், அதற்கு அருகே மங்கலாக முனை. வாயோரத்தில் விரலைப் பதிக்கும் எனக்கு, ஏறக்குறைய 45 கெஜத்தில் முனையும் மஞ்சளும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. 20 கெஜத்தில் முனையை இலக்கின் காலடிப் புல்லில் வைக்க வேண்டும். 60 கெஜத்தில் தாளுக்கு மேலே, பின்னால் நிற்கும் மரத்தின் இலைக்கூட்டத்தில் வைக்க வேண்டும். இந்த எண்கள் வேறொருவருக்கு உதவா. முகமும் வில்லும் மாறினால் எண்ணும் மாறும். காற்றில்லாத ஒரு நாளில் ஐந்தைந்து கெஜமாகப் பின்னே நகர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் பன்னிரண்டு அம்புகள் எய்து, தன் எண்களைத் தானே எழுதிக்கொள்வதுதான் வழி. இழுப்பு நிலைப்படாதவர் எழுதும் எண்கள் அடுத்த வாரமே பொய்யாகிவிடும் என்பதால் அவசரப்படத் தேவையில்லை.

மரவில்லுக்கென்று சில பத்தியங்கள் உண்டு. எடுத்தவுடன் முழுமையாக இழுக்காமல், பாதி, முக்கால் என்று ஏழெட்டு முறை இழுத்து மரத்தைப் பழக்க வேண்டும். அம்பில்லாமல் நாணை விடவே கூடாது, வில் உடைந்துவிடலாம். குறித்த அளவுக்கு மேல் இழுக்கும்படி நெட்டையான ஒருவர் கையில் விளையாட்டாகக்கூடக் கொடுக்கக் கூடாது. எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். வெயில் ஏறிய பிற்பகலில் என் வில் சற்றுச் சோர்ந்துபோகிறது. ஐந்தாவது டஜனிலிருந்து முனையைக் கையகலம் உயர்த்தி வைக்கிறேன். சோர்வது வில்லா நானா என்று பிரித்தறிய வளையத்தைப் பார்க்கும் நண்பர் அப்போதும் உதவுகிறார். இதுவரை பெரும்பாலும் நான்தான்.

2022 ஜூலையில் அதே 'நேஷனல் ரவுண்ட்' ஆட்டத்தில் 58 அம்புகள் பட்டன, மதிப்பெண் 246. இரண்டும் இரட்டைப்படை.

அந்த உற்சாகத்தில் 100 கெஜத்துக்குப் போனேன். இதே யார்க்‌ஷயரில் ஸ்கார்ட்டன் என்ற ஊரின் பெயரால் 1673 முதல் வழங்கிவரும் வெள்ளி அம்புப் போட்டியின் தூரம் அது. மஞ்சளின் நடுவில் 3 அங்குலக் கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கும். அதை முதலில் தொடுபவர் வெள்ளி அம்பைப் பெற்றுத் தலைவராவார். அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்தும் பொறுப்பும் அவருடையது. அங்கே வாய்தவறி வசைச்சொல் பேசுபவருக்கு ஒரு ஷில்லிங் அபராதம் என்றும் ஒரு பழைய விதி உண்டு; என் முதல் பருவத்தில் அங்கே எய்திருந்தால் ஏழையாகியிருப்பேன். எங்கள் மைதானத்தில் 100 கெஜத்தில் நான் எய்த 36 அம்புகளில் நான்கு பட்டன. காரணம் இழுப்பு அல்ல. அத்தனை தூரத்துக்கு அம்பை உயர்த்தினால் வில் பிடித்த என் கையே இலக்கை மறைத்துவிடுகிறது; எங்கே எய்கிறேன் என்று தெரியாமல் எய்தேன். விரல் பதியும் இடத்தை வாயோரத்திலிருந்து தாடைக்குக் கீழே இறக்கினால், அம்பின் பின்முனை தாழ்ந்து, கையை அவ்வளவு உயர்த்தாமலே தூரம் கிடைக்கும். அப்படி இறக்கினால் 27 அங்குலம் என்ற என் கணக்கும், கடைவாய்ப் பல்லும், எழுதிவைத்த எண்களும் எல்லாம் மாறும். அதனால் இந்தக் குளிர்காலம் தாள் ஒட்டாத மெத்தைக்கு முன்னால், ஐந்து கெஜத்தில், மறுபடியும் நிற்கிறேன். நண்பர் பக்கத்தில் நின்று வளையத்தைப் பார்த்து எண் சொல்கிறார். நேற்றைய முதல் அம்புக்கு நான் 27 என்றேன், அவர் 26¼ என்றார்.